பெட்டியில் இருந்த டாலர் விலை

மச்சானுக்கு நான் தர வேண்டியது அறுநூற்று நாற்பது டாலர். கப்பல் வேலையில் அவர் சேர்த்தது. காது கேட்காத என் மகளின் ஆபரேஷனுக்குத் தூக்கிக் கொடுத்தார். டாலராகவே திருப்பித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தது நான்தான். அன்று ஒரு டாலர் நம் பணத்தில் முப்பது.

பிறகு ஐம்பத்திரண்டு. மாவும் எண்ணெயும் டீசலும் வெளிநாட்டிலிருந்து வருபவை, கூடவே ஏறின. இருநூற்று எழுபது டாலர் கட்டிய பிறகும், மீதியை நம் பணத்தில் கணக்குப் போட்டால் முதல் நாள் வாங்கிய தொகையே வந்தது.

"பழைய விலைக்கே குடு மாப்ளே, போதும்."

"சொன்னது சொன்னதுதான் மச்சான்."

கப்பலில் வெளிநாடு போகும் சட்டைப் பெட்டிகளை லாரியில் ஏற்றுவது என் வேலை. பெட்டிக்குக் கூலி நம் பணத்தில் இரண்டு, டாலர் ஏறிய பிறகும் அதே இரண்டு. நாற்பத்தாறு வயதில் எழுத்துப் பழகியபோது, கிடங்கில் கிழித்துப் போட்ட விலைச்சீட்டுகளின் பின்பக்கம்தான் எனக்கு நோட்டு. ஒருநாள், டாலர் முப்பதாக இருந்த காலத்துப் பழைய சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். சட்டை எட்டு டாலர். அன்றைய பெட்டியிலும் அதே எட்டு.

மறுநாள் பெட்டி ஏற்றும் நாங்கள் ஒன்பது பேரும் பெட்டிகள் மேல் உட்கார்ந்துவிட்டோம்.

"என்னப்பா, கல்யாண வீடா இது?" என்றார் மேனேஜர்.

நான் இரண்டு சீட்டுகளையும் நீட்டினேன். "அப்ப ஒரு சட்டைக்கு உங்களுக்கு இருநூத்து நாப்பது வந்துச்சு சார். இப்ப நானூத்துப் பதினாறு. எங்க கூலிக்கு மட்டும் ஏறக் காலு இல்லையா?"

பின்னால் சிரிப்பு வெடித்தது.

"நூலு, சாயம் எல்லாம் நாங்களும் டாலர்லதான்யா வாங்குறோம்."

"தெரியும் சார். அதான் நாலு கேக்கல. மூணு கேக்குறோம்."

லாரிக்காரர் ஹாரனை அழுத்தினார். கப்பல் யாருக்கும் காத்திருக்காது. மேனேஜர் முதலாளிக்குப் போன் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டே, "மூணு. ஏத்துங்க" என்றார். அன்று பெட்டிகள் பஞ்சுபோல லேசாக இருந்தன.

அதன்பின் பதினோரு மாதம். கடைசி டாலரை, வீட்டுக்கு வந்த மச்சான் கையில் வைத்தேன். ஒரு காசு குறையவில்லை, யாரிடமும் கெஞ்சவில்லை. அவர் எண்ணவில்லை, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தனக்குத்தானே பேசுவதுபோல முணுமுணுத்தார்:

"தீத்துட்டாருப்பா மாப்ள."

உள்ளறையிலிருந்து என் மகள் குரல் கொடுத்தாள்.

"கேட்டுச்சு மாமா!"