மஞ்சள் பட்ட நூறு டொலர்

நகுலேஸ்வரியின் கணவர் சந்திரகுமாருக்கு ஒரு வியாதி இருந்தது. வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் அதற்கு மஞ்சள் பொட்டு வைக்காமல் விடமாட்டார். வாஷிங் மெஷின், கார்ச் சாவி, பாஸ்போர்ட், கவுன்சில் அனுப்பிய கடிதம், எல்லாவற்றிலும் அவருடைய கட்டைவிரல் அளவில் ஒரு வட்டம் இருக்கும். முப்பது வருடம் அந்த வியாதியோடு குடும்பம் நடத்திய நகுலேஸ்வரி, தன் பழைய காசு நோட்டுகள் இருக்கும் அலுமாரியை மட்டும் பூட்டியே வைத்திருந்தாள்.

லண்டன் அப்டன் பார்க்கில் தையற்கடை வைத்திருப்பவளுக்கு இந்த நோட்டுப் பைத்தியம் எப்படி வந்தது என்று கேட்காதவர்கள் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குப் பக்கத்தார் அடித்த காசுத்தாள்களைத்தான் அவள் சேர்த்தாள். முதல் நோட்டைப் பழைய சாமான் சந்தையில் கண்டாள். ‘சமாதான உடன்படிக்கை உறுதியாகி ஆறு மாதம் கழித்து இந்தப் பணத்தைத் தருவோம்’ என்று அதில் அச்சடித்திருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருத்திக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? வரும், வரும் என்று சமாதானத்துக்குக் காத்துக்கிடந்தவள் அவள். அதற்காக அந்தத் தெற்குக்காரருக்காக அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அடிமைகளை வைத்திருக்கச் சண்டை பிடித்த கூட்டம். தோற்றதும் காசு செல்லாமல் போனதும் உலகத்துக்கு நல்லது என்பதுதான் அவள் கட்சி.

போன வெள்ளிக்கிழமை, அவள் நெடுநாள் தேடிய நூறு டொலர் நோட்டு தபாலில் வந்தது. 1862ஆம் ஆண்டு நோட்டு. நடுவில், பருத்திக் காட்டில் மண்வெட்டியோடு குனிந்து நிற்கும் அடிமைகளின் படம். எப்போதோ இரண்டாகக் கிழிந்ததை யாரோ ஊசி நூலால் தைத்திருந்தார்கள். அந்தத் தையலைப் பார்த்த மாத்திரத்தில் நகுலேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கடையில் நின்ற நேரத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கி, உறையைப் பிரித்து, பத்திரமாக மேசையில் எடுத்துவைத்தவர் சந்திரகுமார்.

குட்மேய்ஸில் சனிக்கிழமைகளில் கூடும் நோட்டுச் சேகரிப்போர் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை கண்காட்சி வைக்கும். அவள் கொண்டுபோன நோட்டுகளை இரண்டு வருடமாகப் போலி என்று தள்ளிவிட்டார்கள். இந்த முறையும் தள்ளினால், அந்தச் சங்கத்தில் அவள் சாகும்வரைக்கும் வடை கொண்டுவருகிற பெண்தான்.

நோட்டுகளைச் சோதிப்பவர் ஸ்ரீனிவாஸ். சென்னைக்காரர், பெரிய பாங்கில் பெரிய உத்தியோகம், கையில் எப்போதும் நீல இறப்பர் கையுறை. வெறுங்கையால் நோட்டைத் தொடுகிறவர்களைக் கொலைகாரரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். மறுநாள் சனிக்கிழமை, சங்கத்து அறையின் விளக்கை அணைத்து, தன் புற ஊதா லைட்டை நகுலேஸ்வரியின் நோட்டின்மேல் பிடித்தார். அடுத்த நிமிடமே உதட்டைப் பிதுக்கினார்.

“பாருங்க மேடம். அந்தக் காலத்துல கந்தல் துணியில செஞ்ச காகிதம் இந்த லைட்டுல மின்னாது. இது மின்னுது. புது ரசாயனம். ஸாரி, இதுவும் போலிதான்.”

நோட்டின் மூலையில் பச்சை மஞ்சளாக ஒரு ஒளி எரிந்துகொண்டிருந்தது. சுற்றி நின்ற இருபது பேரும் “ச்சொ” கொட்டினார்கள். நகுலேஸ்வரிக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு ஓடத்தான் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

அந்த ஒளி வட்டமாக இருந்தது. கட்டைவிரல் அளவு வட்டம். ரேகைகூடத் தெரிந்தது.

‘பாவி மனுசா!’ என்று மனத்துக்குள் கத்தினாள். வைத்துவிட்டு, பயத்தில் துடைத்தும் இருக்கிறார்! பழுப்பேறிய தாளில் மிச்ச மஞ்சள் வெறுங்கண்ணுக்குத் தெரியவில்லை.

“தம்பி, லைட்டை நிப்பாட்டாதேங்கோ,” என்றாள். காலையில் கத்தரிக்காய்க்கு மஞ்சள் பிரட்டிய தன் விரல்களை நோட்டுக்குப் பக்கத்தில் நீட்டினாள். ஐந்து நகமும் அதே பச்சை மஞ்சளில் எரிந்தன.

ஸ்ரீனிவாஸ் கண்ணாடியைச் சரிசெய்தார். “அது... உங்க கையில ஏதோ...”

“ஓம், மஞ்சள். என்ர மனுசன் நோட்டுக்குப் பொட்டு வைச்சிட்டார். நம்பேலாட்டி உந்தக் கையுறையைக் கழட்டுங்கோ. காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?”

“எலுமிச்சம் சாதம்,” என்றார் ஸ்ரீனிவாஸ், குரல் இறங்கி.

“கையாலதானே?”

அவர் கையுறையைக் கழற்ற அரை நிமிடம் எடுத்தார். பெரிய பாங்க் உத்தியோகத்தரின் விரல்கள் லைட்டின் கீழ் வந்தன. கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல அவர் நிற்க, விரல்நுனிகள் கோயில் விளக்குபோல ஜொலித்தன. அறை சிரிப்பில் அதிர்ந்தது. சிரிப்பு அடங்கும் முன்னமே நகுலேஸ்வரி, தன் சட்டைக் கையில் ஒட்டியிருந்த தையற்கடை நூல் துண்டொன்றை எடுத்து நோட்டின் தையலுக்கு மேலே போட்டாள். இன்றைய நூல் வெள்ளை வெளேரென்று மின்னியது. கீழே இருந்த பழைய நூலும், மூலையைத் தவிர முழுத்தாளும் இருண்டு கிடந்தன.

ஸ்ரீனிவாஸ் லென்ஸை எடுத்தார். கையொப்பங்களைப் பார்த்தார், கத்தரித்த ஓரத்தைப் பார்த்தார், தையலை நீண்ட நேரம் பார்த்தார். யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கினால் எழும்பத் தெரிந்த யானை அவர். “அசல்,” என்றார். “கறை கறைதான். ஆனா நோட்டு நூத்துக்கு நூறு அசல். கண்காட்சியில நடு மேசை இதுக்குத்தான். என்னை மன்னிச்சிடுங்க அக்கா.”

அக்காவாம்! கைதட்டல் ஓய்ந்ததும், நோட்டுக்குக் கீழே வைக்கும் அட்டையை அங்கேயே இருந்து எழுதினாள்: ‘அச்சடித்தவர்கள் தோற்றார்கள். குனிந்து நின்றவர்கள் நிமிர்ந்தார்கள். தைத்தவர் யாரென்று தெரியாது. மஞ்சள் வைத்தவர் என் கணவர்.’

வாசலுக்கு வந்து வீட்டுக்கு அழைத்தாள். மறுமுனையில் சந்திரகுமார் முதல் சொல்லிலேயே நடுங்கினார். “நான் சும்மா ஒரு சின்னப் பொட்டுத்தான்...”

“இஞ்சாருங்கோ,” என்றாள் நகுலேஸ்வரி. “நோட்டு அசலாம், நான் வெண்டிட்டன். கண்காட்சி முடிய நோட்டைக் கண்ணாடிச் சட்டத்துக்குள்ள போட்டுக் கொண்டுவாறன். கண்ணாடிக்கு மேல எவ்வளவு பெரிசா வேணுமெண்டாலும் வையுங்கோ.”