செட் பிறந்த வீடு

'செட்' என்ற ஒற்றை வார்த்தை அந்த வீட்டு மாடியையே வளைத்துப் போட்டிருந்தது. ஆங்கிலம்-தமிழ் அகராதி தயாரிக்கும் ஓரகத்திகள் இருவரும் அதன் பொருள்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். ஜெல்லி செட்டாவது, அலாரம் செட் பண்ணுவது, ஒரு செட் ஸ்பானர், டென்னிஸ் செட், சினிமா செட், அப்பப்பா! குனியாமல் நடக்க வழியில்லை.

"இது ரெண்டு வார்த்தை அக்கா," என்று சின்னவள் ஒற்றைக்காலில் நின்றாள். "உட்கார வைக்கிற செட் பழைய ஆங்கிலம். தொகுதி, கூட்டம்னு வர்ற செட் லத்தீன்ல பொறந்து பிரெஞ்சு வழியா வந்தது. தனித்தனித் தலைப்பு போடணும்."

"ஒண்ணே போதும், போ," என்றாள் மூத்தவள்.

சின்னவளுக்கு இது வெறும் தலைப்புச் சண்டை இல்லை. அடுத்த எழுத்தான 'டி'யை முழுசாகத் தன்னிடம் விடும்படி கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தாள். 'மொதல்ல ஒரு வார்த்தையிலயாவது என்னை ஒத்துக்க வை, பார்க்கலாம்' என்பதுதான் எப்போதும் கிடைக்கும் பதில். எத்தனை காலம்தான் எடுபிடியாகவே இருப்பது?

சண்டை தீராவிட்டால் கட்சி மாறிப் பேச வேண்டும் என்பது அந்த மாடியின் வழக்கம். ஆக, 'ஒன்றே' என்று இப்போது சின்னவள் வாதாட வேண்டும். வேண்டுமென்றே சொதப்பினால் போதும், 'இரண்டு' ஜெயித்துவிடும், காரியம் முடிந்தது. ஆனால் பாழாய்ப்போன மனசு கேட்டால்தானே!

"அகராதி புரட்டுறவங்க அவசரத்துல இருக்காங்க. பூர்வீகம் யாருக்கு வேணும்? ரெண்டும் கலந்து எந்தக் காலமோ ஆச்சு. இனிமே யாராலயும் பிரிக்க முடியாது!" வெளுத்து வாங்கிவிட்டாள்.

பக்கத்தை வாங்கிப்போகக் கீழேயுள்ள அச்சகத்திலிருந்து வந்திருந்த சின்னவளின் கணவன் கைதட்டினான். "அப்ப ஒண்ணுதான் அண்ணி! குடுங்க, மெஷின் சும்மா நிக்குது."

சொந்தப் புருஷனே! தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று சின்னவளின் முகம் தொங்கிப்போயிற்று.

"இருப்பா," என்றாள் மூத்தவள். "கலந்துபோச்சுன்னு சொன்னாளே, கவனிச்சியா? கலக்கணும்னா மொதல்ல ரெண்டு இருக்கணுமில்ல? இவ்வளவு பேசியும், பொறந்தப்பவே ஒண்ணுதான்னு இவளாலயே சொல்ல முடியல. ரெண்டு தலைப்பு போடு."

"அப்ப நான் ஜெயிச்சேனாக்கா, தோத்தேனா?"

"சொதப்பியிருந்தா சுலபமா ஜெயிச்சிருப்ப. எனக்குத் தெரியாதா? நீ அதைச் செய்யல." மூத்தவள் 'டி' சீட்டுகள் இருந்த பெட்டியை அவள் பக்கம் தள்ளினாள். "இந்தா, முழுக்க உன்னுது. இனி எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன்."

சின்னவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

"ஐயய்யோ, அப்படிச் சொல்லாதீங்கக்கா," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "தினமும் எட்டிப் பாருங்க. சண்டை போட எனக்கு ஆள் வேணாமா?"