பின்பக்கம் மூடவும்

"குடத்தை இறக்கிராதே. நீர்மாலைத் தண்ணி வழியில தரையைத் தொடக் கூடாது. அப்படியே நில்லு" என்றார் சாய்ராம் சித்தப்பா.

சித்தார்த் வாசல் கேட்டருகே நின்றான். தலையில் அப்பாவைக் கடைசியாகக் குளிப்பாட்டும் தண்ணீரோடு பித்தளைக் குடம், அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். தெருக்குழாயில் முழுகி வந்த ஈர வேட்டி தொடையில் ஒட்டிக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் வெள்ளைத் துணியை நாலு பேர் மூலைக்கொருவராகப் பிடித்திருக்க, முன் மூலை சித்தப்பா கையில். உள்ளே அப்பாவைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துக் குளிப்பாட்டும் பெஞ்சுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். தலைப்பக்கம் பிடி, கால்பக்கம் திருப்பு என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அப்பா உயிரோடிருந்தால் அத்தனை யோசனையையும் திருத்தியிருப்பார்.

அப்பா சிவசங்கரன் கோர்ட்டில் முப்பத்து நாலு வருஷம் எழுத்தராக இருந்தவர். தப்பை அடித்து, மேலே சரியானதை எழுதி, ஒவ்வொரு திருத்தத்துக்குப் பக்கத்திலும் குட்டியாக 'சி.ச.' என்று கையெழுத்துப் போட்டுப் பழகிய கை அது. ரிட்டயர் ஆனதும் வேலை போயிற்று, கைப்பழக்கம் போகவில்லை. அம்மாவின் மளிகைச் சீட்டில் திருத்தம், உறவுக்காரர் கல்யாணப் பத்திரிகையில் திருத்தம். வங்கி வேலையை விட்டுவிட்டுத் திருவாதவூர்ப் பக்கம் குதிரைப் பண்ணைக்குப் போகிறேன் என்று மகன் எழுதிய ராஜினாமாக் கடிதத்தைக் கண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தார். நாலாம் நாள் எழுந்து அதிலிருந்த ஒற்றுப்பிழையைத் திருத்திக் கொடுத்தார். அப்படிப்பட்ட மனிதரோடு ஒரு வீட்டில் இருப்பது எவ்வளவு எரிச்சல் என்று இருந்தவனுக்குத்தான் தெரியும்.

கேட்டுக்கு வெளியே ஒரு பைக் வந்து நின்றது. மேலூரில் தோல் பைகளும் மாட்டுக்குக் கழுத்துப் பட்டையும் தைக்கிற சோலை. பந்தலைப் பார்த்ததும் முகம் மாறிப்போய், கையிலிருந்த பெரிய பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"அண்ணே... யாருண்ணே?"

"அப்பா. காலைல அஞ்சு மணிக்கு. பாத்ரூம்ல விழுந்துட்டாரு."

"ஆத்தாடி! திங்கக்கிழமை நம்ம கடைக்கு வந்தாருண்ணே."

சித்தார்த்துக்குப் புரியவில்லை. "உங்க கடைக்கா? எதுக்கு?"

சோலை பையிலிருந்ததை உதறி விரித்துக் காட்டினான். சாப்ஸ். அமெரிக்காவில் மாடு மேய்ப்பவர்கள் குதிரை ஏறும்போது ஜீன்ஸுக்கு மேல் மாட்டுகிற தோல் உறை. இடுப்பில் ஒரு பட்டை, இரண்டு காலுக்கும் தோல், பின்பக்கம் மட்டும் கிடையாது. உட்காருகிற இடத்தில் தோல் இருந்தால் சேணத்தில் திரண்டு உறுத்தும். அகலமாக விரிந்து பறப்பதா, முழங்காலோடு நின்று குஞ்சம் ஆடுவதா, காலோடு ஒட்டி ஜிப் வைத்ததா என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, ஒட்டியதைத் தேர்ந்தெடுத்திருந்தான் சித்தார்த். திண்டுக்கல் எருமைத் தோல், பிடி கிடைக்கச் சொரசொரப்புப் பக்கம் வெளியே. சனிக்கிழமை ஓசூரில் ஒரு பெரிய பண்ணையில் பயிற்சியாளர் வேலைக்குச் சவாரித் தேர்வு. அவரவர் அளவுக்குத் தைத்த சாப்ஸோடு வர வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். இது நழுவினால் இன்னொரு அழைப்பு வரும் என்பதற்கு எந்த நிச்சயமும் இல்லை.

முன்பக்கம் அருமையாக வந்திருந்தது. சோலை தயங்கித் தயங்கித் திருப்பினான்.

பின்பக்கம் மூடியிருந்தது. ஒரே நிறத்தில் தோல் வைத்து, இரட்டைத் தையல் போட்டு, அம்சமாக மூடியிருந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை.

குடம் ஆடிற்று. "யாரு சோலை இதை மூடச் சொன்னது?"

"சார்தாண்ணே. நீங்க சொல்லித்தான் வந்தேன்னாரு."

ஞாயிற்றுக்கிழமை சாப்ஸ் படத்தைப் பார்த்துவிட்டு அப்பா கேட்டது அப்படியே நினைவுக்கு வந்தது. "என்னடா இது? கோவணத்தைத் திருப்பிக் கட்டின மாதிரி முன்னால மூடி, பின்னால திறந்து! துணி பத்தலையா?" அதற்கு இவன், "இது ஒண்ணுலயாவது கை வைக்காம இருங்கப்பா!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. கடைசியில் கை வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். போய்ப் பெஞ்சில் படுத்திருக்கிறவரை உலுக்கிக் கேட்க வேண்டும்போல இருந்தது. தலையில் குடம் இருந்ததால் கையைக்கூட ஓங்க முடியவில்லை.

சோலை தன் ஆர்டர் சீட்டை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தான். சிவப்பு மையில் மூன்று திருத்தங்கள். 'பின்பக்கம் திறந்து' என்பதை அடித்து, 'மூடவும்'. நீளம் 39 அங்குலத்தை அடித்து, 41. தேவைப்படும் நாள் வெள்ளியை அடித்து, புதன். மூன்றுக்கும் பக்கத்தில் 'சி.ச.'.

"நாப்பத்தொண்ணா?"

"நீங்க நின்னுக்கிட்டுல்ல அளவு குடுத்தீக. சாரு என் வண்டில ரெண்டு பக்கமும் காலைப் போட்டு உக்காந்து காட்டுனாருண்ணே. வேட்டி இம்புட்டு ஏறிருச்சு. 'அவன் குதிரைல நிக்கவா போறான்?'ன்னாரு."

உட்கார்ந்தால் கால் மடங்கும், தோல் மேலே ஏறும். பண்ணையில் பிள்ளைகளுக்குச் சித்தார்த்தே சொல்லிக்கொடுக்கிற பாடம். முப்பத்தொன்பதில் தைத்திருந்தால் கணுக்கால் தெரிய, அத்தனை பேர் முன்னால் பள்ளிக்கூட டவுசர்போல நின்றிருக்கும். எல்லாவற்றையும் தப்பாகத் திருத்தியிருந்தால் நிம்மதியாகத் திட்டித் தீர்க்கலாம். ஒன்று தப்பு, ஒன்று சரி என்று வைத்துவிட்டுப் போனவரை என்ன செய்வது?

"புதன்கிழமை எதுக்காம்?"

"சனிக்கிழமை ஓசூர் போறதுக்கு முன்னால போட்டுப் பாக்க ரெண்டு நாள் வேணும், புதுத்தோல் கடிக்கும்ன்னாரு. அதான் வேற வேலையெல்லாம் தள்ளி வச்சு முடிச்சேன்."

இவ்வளவு நேரம் துணி மூலையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா வாயைத் திறந்தார். "சனிக்கிழமையா? கொள்ளி வைக்கிறவன் பதினாறு கழியாம ஊர் தாண்டலாமா? அந்தாளை அனுப்பு முதல்ல. துக்க வீட்டு வாசல்ல தோலும் கீலும்!"

"சோலை, பின்பக்கத்தைப் பிரிக்க எம்புட்டு நேரம் ஆகும்?"

"டேய், நான் சொல்றது காதுல விழுதா இல்லையா?"

"விழுது சித்தப்பா. நாளைக்குச் சுடுகாட்டுல காடாத்துச் சடங்கு முடிச்சிட்டு, சனிக்கிழமை போயிட்டு அன்னிக்கே வந்துருவேன்."

"உங்கப்பா இருந்தா இதுக்குச் சம்மதிப்பாரா?"

"அதைக் காட்டுங்க சோலை" என்றான் சித்தார்த்.

சோலை சீட்டை அவர் பக்கம் திருப்பினான். சித்தப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு மூன்றாவது வரியையும் பக்கத்திலிருந்த கையெழுத்தையும் பார்த்தார். பிறகு தொய்ந்திருந்த துணி மூலையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே சங்கு ஊதினார்கள். "பையனை வரச் சொல்லுங்க" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

"பிரிச்சிரலாம்ணே, அரை மணி நேரம்" என்றான் சோலை. "ஆனா துணி மாதிரி கெடையாது. தோல்ல ஊசி எறங்குனா எறங்குனதுதான். என்ன தேச்சாலும் அந்த ஓட்டை ரெண்டு வரிசையாத் தெரியும்."

"தெரியட்டும். பிரிங்க."

சோலை கேட்டுக்கு வெளியே பைக்கின் மேல் சாய்ந்து, சாப்ஸைத் தொடையில் போட்டுக்கொண்டான். சித்தார்த் குடம் சாயாமல் படி ஏறினான். பின்னால் நூல் அறுபடுகிற சத்தம், நறுக் நறுக்கென்று, சங்குச் சத்தத்துக்கு நடுவிலும் கேட்டது.