கோடாரி பறந்த மதியம்

கோடாரி பறந்த அன்று பேக்கரியில் இருந்தவர்கள்: கடையை நடத்தும் கொழுந்தியாள், ரொட்டி சுடும் அவள் கணவன், வேலை பறிபோய் வந்து நின்ற பெரிய மாப்பிள்ளை, விறகுக் குவியல் மேல் ஒரு பூனை.

அடுப்புக்கு விறகு பிளக்க ஆள் தேவைப்பட்டது. பெரிய மாப்பிள்ளைக்கு வேறு போக்கிடம் இல்லை. கொழுந்தியாள் முதல் நாளே வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள். "கோடாரிய உங்கள நம்பிக் கொடுக்கலாம்னு எனக்குத் தோணணும் அத்தான். தோணினா வேலை உங்களுக்கு. அக்கா புருஷன்ங்கறதெல்லாம் கோடாரிக்குத் தெரியாது."

"மாப்பிள்ளைக்கு நாற்காலி போடுவாங்க. உங்களுக்கு அடிக்கட்டை போட்டிருக்கா சகல," என்றான் அவள் கணவன்.

அவளே முதலில் வெட்டிக் காட்டினாள். கோடாரியை நீட்டிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். எதிலும் படவில்லை. கோடாரியின் இரும்புத் தலையை அசைத்துப் பார்த்தாள். காலை அகட்டி நின்று தூக்கினாள், விட்டாள். இரும்பு தன் கனத்தில் தானே இறங்கியது. முடிச்சு விழுந்த கட்டை வாய் பிளந்து இரண்டு பக்கமும் சாய்ந்தது. உள்ளே வெளுத்த மரம், அதுவரை வெளிச்சமே பார்க்காதது. பெரிய மாப்பிள்ளை குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தான்.

"தூக்கறதுதான் நம்ம வேலை, இறங்கறது அதோட வேலை. ஒவ்வொரு கட்டைக்கும் முன்னாடி தலை ஆடுதான்னு பாருங்க. ஆடினா கீழ வச்சிட்டு எங்கிட்ட சொல்லுங்க."

இன்னொரு சட்டமும் இருந்தது. பின்முற்றத்துக் கதவைத் தாண்டி யாரும் சும்மா வரக்கூடாது. உள்ளேயே நின்று "வரலாமா?" என்று கேட்க வேண்டும். வெட்டுகிறவர் "வா" என்ற பிறகுதான் படியில் கால் வைக்கலாம். கட்டிய புருஷனுக்கும் அதேதான்.

கை பழகியது. ஒரு சாயங்காலம் தலை லேசாக ஆடுவது தெரிந்தது. சொன்னால் தன்னால்தான் கெட்டது என்று நினைப்பாளோ என்று பயந்து, வாளித் தண்ணீரில் தலைகீழாக ஊறப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். காலையில் கல்லுப்போல இறுகியிருந்தது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான்.

மதிய வெயிலில் ஊறிய காம்பு காய்ந்தது. மறுபடி ஆட்டம் கையில் தெரிந்தது. இந்த ஒரு கட்டைதானே என்று ஓங்கினான்.

திடீரென்று கையில் கனமே இல்லை. தலைக்குப் பின்னால் காற்று கிழிந்தது. திரும்பினான். முற்றத்துக் கதவின் நிலையில், நெஞ்சு உயரத்தில், கோடாரித் தலை பாதி புதைந்து நின்றது.

"வரலாமா?" என்றது உள்ளேயிருந்து சகலையின் குரல். "ரெண்டாவது தடவை கேக்கறேன் சகல. காதுல பஞ்சா?"

பெரிய மாப்பிள்ளையால் அந்த இரும்பிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு 'வா'வுக்காகக் காத்து நின்ற மனிதன் உயிரோடு கேலி பேசிக்கொண்டிருந்தான். எவ்வளவு சின்னச் சொல்.

சத்தம் கேட்டுக் கொழுந்தியாள் வந்தாள். காம்பின் நுனியைத் தடவினாள். "ஊறப்போட்டீங்களா?"

"ஆமா."

"ஊறினா உப்பும். காஞ்சா முன்னவிடச் சுருங்கும். அது தெரியாததுக்கு நான் வையல. ஓங்கறப்போ ஆட்டம் தெரிஞ்சுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரிஞ்சுது," என்றான்.

"அப்போ வேலை இல்ல அத்தான்."

சகலை, கொண்டுவந்த ரொட்டித் தட்டை அடிக்கட்டை மேல் வைத்தான்.

அவள் நன்றாகக் காய்ந்த புதுக் காம்பு ஒன்றைச் சீவி, நிலையிலிருந்து பிடுங்கிய இரும்பின் துளையில் இறக்கி, ஆப்பு வைத்து அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் ஒலி மாறியது. கடைசி அடியில் இரும்பும் மரமும் ஒரே பொருளாக ஒலித்தன. காம்புக்கு எண்ணெய் தேய்த்து, கூருக்குத் தோலுறை மாட்டினாள். போகச் சொன்ன பிறகும் அவன் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அக்காகிட்ட நான் பேசவா?"

"வேணாம். நானே சொல்லிக்கிறேன்."

மதியத்துக்குக் கடை மூடும் நேரம். அவன் வாசல் வழியாகத் தெருவில் இறங்கினான். பின்னால் அவள் கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டினாள்.