தௌனோவின் கறுத்த தாடி

ஔலு நகரத்துப் பனியில் நின்று எடுத்த படத்தில் எங்கள் மேலாளர் தௌனோவின் முகம் இருட்டாக விழுந்திருந்தது. அதைப் பளிச்சென்று ஆக்க, வரிசை வரிசையாக ஒவ்வொரு புள்ளியின் வெளிச்ச எண்ணோடும் அறுபதைக் கூட்டும்படி சி கணினி மொழியில் நிரல் எழுதினேன். ஓட்டிப் பார்த்தால் முகம் தெளிந்துவிட்டது. பனிதான் கரியாகிக் கிடந்தது. அவருடைய வெள்ளைத் தாடியும் கன்னங்கரேல்!

பக்கத்து மேசை ஹெல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒரு புள்ளியில இருநூத்தி அம்பத்தஞ்சுக்கு மேல கொள்ளாதுடி, மண்டு! தாண்டினா மறுபடி பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிச்சிடும். பூஜ்யம்னா கறுப்பு!"

எண் அந்த எல்லையிலேயே நிற்கும்படி ஒரு வரி சேர்க்கப் போனேன். பின்னால் வந்து நின்ற தௌனோ பதறிவிட்டார்.

"இரும்மா, திருத்தாதே! முதல்ல இதை ஒண்ணு அச்சடிச்சுக் குடு. என் பொண்டாட்டி பாத்து முப்பது வருஷமாச்சு இந்தத் தாடிய!"