விதியை மீறிய பலகாரம்

நஸீஹா அந்த வாசகத்தை முதல் முறை படித்தபோது, அறையில் யாரும் இல்லை என்று தெரிந்தும், தலைத்துணியைச் சரிசெய்து கொண்டாள். 'உங்கள் விளம்பரம் ஆபாசப் பொருள்கள் குறித்த எங்கள் விதிகளை மீறுகிறது' என்று கைப்பேசி சொன்னது.

அவள் விற்க நினைத்தது பலகாரம். மெல்லிய மாவேட்டில் பாலேட்டை வைத்துச் சுருட்டி, பொரித்து, பாகில் முக்கி, பிஸ்தாத் தூளைத் தூவினால் அது ஸுனூத் அஸ்ஸித். சீமாட்டியின் புஜங்கள் என்று பொருள். டமாஸ்கஸில் அவள் தெருவில் அந்தப் பெயரைச் சொல்ல யாரும் கூசியதில்லை. பள்ளிவாசல் இமாமே பெயர் சொல்லித்தான் கேட்டு வாங்குவார்.

இப்போது அவள் இருப்பது ஜோர்டானின் அம்மானில், மூன்றாம் மாடியில். இந்தக் கட்டடத்துக்கு வந்து ஏழு வருடம். கணவர் இறந்து இரண்டு வருடம். ஒரே மகன் வஸீம் சுவீடனில், மால்மோவில் இருக்கிறான். போன குளிர்காலத்தை அவள் அங்கே கழித்தாள். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின், ஜன்னலோரம் உட்கார்ந்து பனி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே யாருக்கும் அவளிடமிருந்து எதுவும் தேவைப்படவில்லை. திரும்பி வந்ததும் மகனிடம் ஒரு தவணை கேட்டாள். இந்த ரமலானுக்குள் பலகார வியாபாரம் நிலைக்கவில்லை என்றால் வீட்டைக் காலி செய்துவிட்டு அவனோடு போய்விடுவதாக வாக்குக் கொடுத்தாள். அவன் விசாக் காகிதங்களைத் தயார் செய்து வைத்திருந்தான்.

பாதி ரமலான் போய்விட்டது.

தெருமுனையில் கைப்பேசிக் கடை வைத்திருந்த ஹைதம்தான் அவளுக்கு விளம்பரம் போடச் சொல்லிக் கொடுத்தவன். நடுவயதுக்காரன், வாய் ஓயாதவன், அவளைச் சித்தி முறையில் 'காலா' என்றே கூப்பிடுவான். திரையைப் பார்த்துவிட்டுத் தாடியைச் சொறிந்தான்.

"காலா, பேரை மாத்துங்க. மிஷினுக்கு உங்க சீமாட்டியையும் தெரியாது, சமையலையும் தெரியாது. புஜம்னு படிச்சிச்சு, படத்துல வெள்ளையா உருண்டையா எதையோ பாத்துச்சு, கண்ணைப் பொத்திக்கிச்சு."

"நோன்பு வச்சிருக்கும் போல."

"நம்மளவிட பேணுதலா இருக்கு காலா."

அவன் சொன்னபடி 'கிரீம் சுருள்' என்று மாற்றினாள். பத்து நிமிடத்தில் விளம்பரம் ஏறிவிட்டது. இரண்டு நாளில் ஒரே ஒரு கேள்வி வந்தது: 'உள்ளே கோழியா, மாட்டிறைச்சியா?' அந்தப் பெயரில் தன் பலகாரத்தை அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. பழைய பெயரையே திரும்பப் போட்டாள். உடனே நிராகரித்தார்கள்.

மறுபரிசீலனைக்கு எழுத ஒரு சின்னக் கட்டம் இருந்தது. நோன்பு திறப்பதற்கு முந்தைய அந்த நீண்ட மணிகளில், அவள் அதில் கடிதமே எழுதினாள். 'அஸ்ஸலாமு அலைக்கும். விளம்பரங்களைப் பார்க்கும் மகனுக்கோ மகளுக்கோ நஸீஹா எழுதுவது. நாள் முழுக்கப் படங்களைப் பார்த்து உங்கள் கண் வலிக்கும், இறைவன் உங்களுக்கு வலுவைத் தரட்டும். இது தின்பண்டம். என் தாய் இதைச் செய்தாள். நேரில் வந்தால் ஒரு தட்டுத் தருவேன்.'

அனுப்பிய கணமே பதில் வந்தது. அதே வாசகம்.

ஹைதமிடம் காட்டினாள். "இவ்வளவு சீக்கிரமா எந்த மனுசன் படிப்பான்?"

"அங்க மனுசன் யாரும் இல்ல காலா. இன்னொரு தடவை மறுத்தா கணக்கையே மூடிருவான். பாத்துக்குங்க."

அன்று வஸீம் பேசினான். "யம்மா, விளம்பரம் போட்டாச்சா?"

"போட்டாச்சு கண்ணு. பாத்துக்கிட்டு இருக்காங்க."

"யாரு?"

"கம்பெனிக்காரங்க."

கைப்பேசியை வைத்ததும் அந்த அரைப்பொய்க்காகப் பாவமன்னிப்புக் கேட்டு இஸ்திக்ஃபார் ஓதினாள். ஆபாசம் என்று சொல்லிவிட்டார்கள் என்பதைப் பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் கடைசி முயற்சியாகப் புதிதாக ஒரு தட்டம் நிறையச் செய்தாள். படத்தில் பிஸ்தா பச்சையாகத் தெரிய வேண்டும். நோன்போடு இருந்ததால் உப்புப் பார்க்கவில்லை, இனிப்புப் பார்க்கவில்லை. கைப்பழக்கத்தை நம்பினாள். ஒவ்வொன்றும் விரல் நீளத்தில், துணி சுற்றிக் கிடத்திய குழந்தையைப் போல இருந்தது. படம் எடுத்து அனுப்பினாள். தொழுகை விரிப்பை மடித்துவிட்டு வந்து பார்த்தபோது, கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டிருந்தது. எழுதுவதற்கு அந்தக் கட்டம்கூட இல்லை.

நோன்பு திறக்கும் மஃரிபுக்கு அரை மணி நேரம் இருந்தது. இத்தனை பலகாரத்தின் முன்னால் அவள் ஒருத்தி.

டமாஸ்கஸில் இந்த நேரத்தில் கதவுகள் மூடியே இருக்காது. நோன்பு திறக்குமுன் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பக்கத்து வீட்டுக்கு ஒரு தட்டுப் போகும், அங்கிருந்து ஒன்று வரும். இங்கே ஏழு ரமலானில் அவளுக்கு ஒரு தட்டும் வந்ததில்லை. அதை நினைத்து மனம் கசந்தபோதுதான் இன்னொன்றும் உறைத்தது. அவளும் ஒரு தட்டும் அனுப்பியதில்லை.

இரண்டு தட்டுகளில் எடுத்து வைத்தாள். எதிர்வீட்டு மணியை அடித்தாள். உள்ளே தொலைக்காட்சி ஓடியது, யாரும் வரவில்லை. வாசலிலேயே மூடி வைத்துவிட்டுக் கீழ்மாடிக்கு இறங்கினாள்.

கதவைத் திறந்தவள் தாதி உடுப்பில் இருந்தாள். தஹானி என்று மணிக்குக் கீழே எழுதியிருந்தது. அவளுக்குப் பின்னால் மேசையில் ஒரு டின் மீனும், பிரிக்காத ரொட்டியும் தெரிந்தன.

"நான் மேல்மாடி. உம்மு வஸீம், வஸீமோட அம்மா. நோன்பு திறக்க..."

தஹானி துணியை விலக்கிப் பார்த்தாள். "ஸுனூத் அஸ்ஸித்," என்று சத்தமாகச் சொன்னாள். பிறகு தன் புஜத்தை ஒரு தட்டுத் தட்டிக் காட்டினாள். "என் கைக்கு இதுங்க எவ்வளவோ மெலிசு காலா."

நஸீஹா சிரித்துவிட்டாள். ஒரு வாரமாக விதிமீறல் என்று மட்டுமே படித்த ஒரு பெயரை ஒரு மனித வாய் சொல்லக் கேட்டது அவளுக்குப் போதுமாக இருந்தது. மேலே வந்து, தண்ணீரும் ஒரு சுருளுமாகத் தனியே நோன்பு திறந்தாள்.

மறுநாள் பிற்பகல் அஸர் தொழுதுவிட்டுக் கதவைத் திறந்தபோது, எதிர்வீட்டில் வைத்த தட்டு அவள் வாசலில் இருந்தது. கழுவித் துடைத்திருந்தார்கள். காலியாக இருந்தது, ஒரு வார்த்தையும் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். படியில் காலடி கேட்டது.

தஹானி இன்னொரு தட்டை நீட்டினாள். அதில் பேரீச்சம்பழங்கள் இருந்தன. "எனக்குச் சமைக்க வராது காலா. தட்டைச் சும்மா கொண்டுவரக் கூடாதுன்னு ஆஸ்பத்திரிப் பழத்தை அள்ளிட்டு வந்தேன். அங்க சொல்லிக் குடுத்துராதீங்க." பிறகு ஒரு மடித்த தாளை எடுத்தாள். "பெருநாள் அன்னிக்கும் எங்க வார்டுல ஒன்பது பேருக்கு டூட்டி. வீட்டுக்குப் போக முடியாது. நேத்துப் பலகாரத்துல பாதியக் கொண்டுபோய்க் குடுத்தேன். பேரைச் சொன்னதும் ஆளாளுக்குக் கையைத் தூக்கிக் காட்டிட்டாங்க. அவங்களுக்கு வேணுமாம். காசு குடுத்துத்தான் வாங்குவாங்களாம். செய்வீங்களா?"

நஸீஹா தாளைப் பிரித்தாள். ஒன்பது பெயர்கள் இருந்தன.

அன்று வஸீம் பேசியபோது, "பெருநாள் முடிஞ்சதும் டிக்கெட் போடட்டுமா யம்மா?" என்று கேட்டான்.

"இப்பப் போடாத கண்ணு. பெருநாள் அன்னிக்கு எனக்கு வேலை இருக்கு."

"வேலையா?" என்றான். அவன் குரலில் ஏமாற்றமா நிம்மதியா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு தட்டும் வராத ஊரில்தான் அவனும் இருக்கிறான் என்பது அப்போது அவளுக்குப் பட்டது. பெருநாளுக்கு அவனுக்கும் ஒரு பொட்டலம் அனுப்ப வழி கேட்க வேண்டும்.

பேசி முடித்ததும் அடுப்பைப் பற்றவைத்தாள். மஃரிபுக்கு இன்னும் நேரம் இருந்தது. எதிர்வீட்டிலிருந்து காலியாகத் திரும்பி வந்த தட்டை எடுத்து, ஒரு முறை துடைத்து, மறுபடியும் நிரப்பினாள்.