வண்டிக்கட்டு

மார்கிட் நோவாக் ஜூலை பதினோராம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு இறந்திருக்க வேண்டியவள். செப்டம்பர் பதினெட்டாம் தேதிக்கு அவள் பெயரில் ஒரு சலுகை டிக்கெட் பதிவாகியிருந்ததால் அது முடியவில்லை. நீடர்மூல் ஊரில் இன்று இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. டிக்கெட்டின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் தெளிவாகவே அச்சிட்டிருக்கிறார்கள்: பெயருக்கு உரியவர் மட்டுமே, குறித்த நாளில், குறித்த வண்டியில் பயணம் செய்ய வேண்டும், மாற்ற முடியாது, ரத்து செய்ய முடியாது. ரயில்வேக்காரர்கள் இதை வண்டிக்கட்டு என்பார்கள். விலையைக் குறைத்துக் கொடுத்ததற்குப் பதிலாக டிக்கெட்டை அந்த ஒரு வண்டியோடு கட்டிவிடுகிறார்கள். பயணியையும் சேர்த்துத்தான் கட்டுகிறார்கள் என்பது மார்கிட் விஷயத்தில் தெரியவந்தது.

அவள் எங்கள் ஊர் நெசவாலையில் முப்பது வருடம் துணியில் குறை கண்டுபிடிக்கும் வேலை பார்த்தவள். ஆலை மூடிய பிறகு அதே வேலையை மனிதர்களிடம் தொடர்ந்தாள். அவள் கண்டுபிடித்த குறைகளிலேயே பெரியது தங்கை ரோஸ்விதாவுடையது. எண்பத்தொன்பதாம் வருடம் ஆகஸ்டில் அக்காவும் தங்கையும் விடுமுறைக்கு ஹங்கேரி போய், எல்லைக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். ஒரு நாள் காலை தர்ப்பூசணி வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போன ரோஸ்விதா, காட்டு வழியாக எல்லையைத் தாண்டி ஆஸ்திரியாவுக்குள் போய்விட்டாள். மார்கிட் கையில் ஸ்பூனோடு மூன்று நாள் காத்திருந்தாள். பிறகு இரண்டு பேருக்கும் எடுத்திருந்த திரும்பும் டிக்கெட்டுகளோடு ஒற்றை ஆளாக ஊர் வந்து, தங்கை எங்கே என்று கேட்ட அதிகாரிகளுக்கெல்லாம் மாதக்கணக்கில் பதில் சொன்னாள். அந்த நவம்பரிலேயே எங்கள் நாட்டைப் பூட்டி வைத்திருந்த சுவர் விழுந்து யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றாகிவிட்டதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுத்திருக்கக் கூடாதா? ரோஸ்விதா கிராத்ஸ் நகரிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கடிதம் போட்டாள். மார்கிட் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. இரண்டாயிரத்து இருபத்தைந்தாம் வருடம் பிப்ரவரியில் வந்தது கடிதமல்ல, தபால் அட்டை. பிரிக்காமல் வைக்க அதில் ஒன்றுமில்லாததால் கண் முந்திக்கொண்டு படித்துவிட்டது. பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, என்னால் இனி வர முடியாது, நீ வா என்று எழுதியிருந்தது.

மார்ச் மாதம் டாக்டர் செல்மர் மார்கிட்டின் இதயத்தைப் படம் பிடித்துப் பார்த்து, ஜூலை வரை ஓடும், அதற்கு மேல் சொல்வதற்கில்லை என்றாள். மார்கிட் அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு வந்தாள். டிக்கெட் கவுண்டரில் குபிஷ் இருந்தார். விதிப் புத்தகத்தையே கரைத்துக் குடித்தவர், சொந்த மாமியாருக்குக்கூட விதியை மீறி ஜன்னல் சீட்டு கொடுக்காதவர். கிராத்ஸுக்கு ஒன்று என்று மார்கிட் கேட்டதும் அவர் கம்ப்யூட்டரில் வாரம் வாரமாகத் தள்ளிப் பார்த்தார். அடுத்த வாரம் நூற்று எண்பத்து நான்கு யூரோ. ஏப்ரலிலும் அதே விலை. மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் எல்லாவற்றிலும் சலுகை சீட்டுகள் தீர்ந்துவிட்டன. ஒரு வண்டிக்கு ஏழெட்டுதான் விடுவார்கள், அவற்றையும் விற்பனை திறந்த முதல் மணி நேரத்திலேயே கல்லூரிப் பிள்ளைகள் அள்ளிவிடுவார்கள்.

"அவசரம் இருக்கறவங்களுக்கு நூத்தி எண்பத்தி நாலு, நோவாக்கம்மா. அவசரம் இல்லாதவங்களுக்கு முப்பத்தொம்பது தொண்ணூறு" என்றார் குபிஷ்.

"அப்போ சாகப் போறவங்கதான் அதிகம் குடுக்கணும். அப்படித்தானே?"

"பட்டியல்ல அப்படி ஒரு பிரிவு இல்லீங்களே. முதியோர் பிரிவு இருக்கு. ஆனா அது வெளிநாட்டுக்குச் செல்லாது."

நூற்று எண்பத்து நான்கு கொடுக்க அவளிடம் இல்லை. இருந்ததையெல்லாம் வெட்ஸிக்கின் ஈமச்சடங்குக் கடையில், ஓக் மரப் பெட்டிக்கும் வருகிறவர்களுக்கு வெண்ணெய்க் கேக்குக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்டிவிட்டிருந்தாள். அதுவும் திரும்ப வராத பணம். ஊரில் சிலர் கொடுக்க முன்வந்தார்கள். விட்டுவிட்டுப் போனவளைப் பார்க்க ஊரார் பணத்தில் போவதா என்று சீறி விழுந்தாள். பத்து நாள் தினமும் வந்து நின்றாள். மூன்று தடவை மலிவு சீட்டு ஒன்று திரையில் தலைகாட்டியது. குபிஷ் அவள் பெயரைத் தட்டி முடிப்பதற்குள் கம்ப்யூட்டர் பக்கம் வெளுத்துப்போய், திரும்ப வரும்போது விலை பத்து யூரோ ஏறியிருந்தது. நான் அந்த வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவன். மனிதனைச் சாகடிக்க நோய் எதற்கு, இந்தப் பக்கம் ஒன்று போதும். மார்ச் இருபத்திரண்டாம் தேதி, விற்பனை நூற்று எண்பது நாளுக்கு முன்னால்தான் திறக்கும் என்பதால், அன்று காலை புதிதாகத் திறந்த செப்டம்பர் பதினெட்டாம் தேதியில் ஒரு சீட்டு கிடைத்தது. டாக்டர் ஜூலை என்று சொன்னாரே என்று குபிஷ் தயங்கினார். விலை அங்கேதான் இருக்கிறது, நான் என்ன செய்ய என்றாள் மார்கிட். போகும் டிக்கெட் மட்டும் எடுத்தாள். வரும் தேதியை ஓர் அட்டையில் எழுதி ரோஸ்விதாவுக்குப் போட்டாள்.

ஜூலை பதினொன்றன்று டாக்டர் செல்மர் வழக்கமாகப் பார்க்க வந்திருந்தபோது மார்கிட் நாற்காலியிலேயே தலை சாய்ந்தாள். டாக்டர் கருவியை வைத்துக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை. கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு, இறப்புச் சான்றிதழை எடுத்து வைத்து நேரத்தை எழுதிக்கொண்டிருந்தபோது மார்கிட் கண்ணைத் திறந்து, உருளைக்கிழங்கு சூப் பொங்கி வழிகிறதே, கண் தெரியவில்லையா என்று கேட்டாள். அதன் பிறகும் அவள் இதயம் துடிக்கவில்லை. அந்தக் கோடை முழுவதும் அது துடிக்கவே இல்லை. டாக்டர் அவளைத் தன் அறைக்கு வரவழைத்து டிக்கெட்டைப் படித்துப் பார்த்துவிட்டு, சான்றிதழைத் தேதி போடாமல் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள். பெட்டியைத் தயார் செய்துவிட்ட வெட்ஸிக் மட்டும், அது கடையில் இடத்தை அடைக்கிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தார்.

சாவுதான் தள்ளிப்போனதே தவிர நோவு தள்ளிப்போகவில்லை. வீட்டுப் படி ஏற அவளுக்கு அரை மணி நேரம் பிடித்தது. உதடு நீலமாகவே இருந்தது. தினமும் காலையில் ஸ்டேஷனுக்கு வந்து தேதியை முன்னால் தள்ளச் சொல்லிக் கேட்டாள், மாற்ற முடியாது என்ற ஒரே பதிலை வாங்கிக்கொண்டு போனாள். பொறுக்க முடியாமல் டாக்டரே ஆகஸ்ட் இரண்டாம் தேதிக்கு முழு விலையில் ஒரு டிக்கெட் வாங்கி, அவளைக் கையோடு பிடித்து வந்து வண்டி முன் நிறுத்தினாள். மார்கிட்டின் கால் படியில் ஏறவில்லை. நடத்துநர் மேலிருந்து இழுத்தார், வெட்ஸிக்கும் அவர் ஆளும் கீழிருந்து தள்ளினார்கள்; சவப்பெட்டி தூக்கிப் பழகிய அவர்களாலேயே ஐம்பது கிலோ பெண்ணை ஓர் அங்குலம் உயர்த்த முடியவில்லை. வண்டி பதினான்கு நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது. குபிஷ் அந்த டிக்கெட்டின் பணத்தை டாக்டரிடம் திருப்பிக் கொடுத்தார். விலை அதிகமுள்ளதை ரத்து செய்யலாம். இதைப் பார்த்த ஊர் சும்மா இருக்குமா? செப்டம்பருக்குள் நெஞ்சு வலிக்காரர்களும் ஈரல் கெட்டவர்களும் வரிசை கட்டி நின்று கோபன்ஹேகனுக்கும் கிராக்கோவுக்கும் ஆறு மாதம் தள்ளி டிக்கெட் எடுத்தார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்காமல் போனது.

செப்டம்பர் பதினெட்டாம் தேதி காலை ஆறு மணிக்குள் ஊரில் பாதிப் பேர் நடைமேடையில் இருந்தோம். மார்கிட் மழைக்கோட்டு போட்டு, ஒரு சூட்கேஸோடும் ரொட்டிக்குள் ஈரல் பசை தடவிய பொட்டலத்தோடும் வந்தாள். ஆறு ஐந்துக்கு வரவேண்டிய வண்டி அன்று ஓடாது என்று பலகையில் எழுத்து ஓடியது. காரணம் சொல்லவில்லை. முப்பத்தாறு வருடக் கோபத்தை விழுங்கி, செத்தும் சாகாமல் இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருந்த ஒருத்தியிடம், வண்டி ஓடாது என்று ஒரு வரி எழுதிவிட்டு அந்தப் பலகை அடுத்த விளம்பரத்துக்குப் போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் குப்பைத் தொட்டியை உதைத்துக் கால் விரலைப் பெயர்த்துக்கொண்டேன்.

குபிஷ் கவுண்டரிலிருந்து எழுந்து வெளியே வந்தார். ரயில்வேயின் குற்றத்தால் வண்டி ரத்தானால் அதற்கும் ஒரு விதி உண்டு. டிக்கெட்டில் முத்திரை குத்தி வண்டிக்கட்டை நீக்க வேண்டும். பிறகு அந்தப் பயணி போகுமிடம் சேரும் வரை எந்த வண்டியிலும் ஏறலாம். முத்திரை அவர் கையில் இருந்தது. ஆனால் குத்தவில்லை.

"நோவாக்கம்மா, இத குத்தலைன்னா நீங்க ஓடாத வண்டிக்கே கட்டுப்பட்டு இருப்பீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. எத்தன வருஷம் ஆனாலும் ஆகாது."

"கிராத்ஸுக்கும் போக முடியாது."

"போக முடியாது."

"குத்திட்டா?"

குபிஷ் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் மார்கிட்டின் மணிக்கட்டைப் பிடித்து, இல்லாத நாடியைக் கொஞ்ச நேரம் தேடினாள்.

"பன்னெண்டு மணி நேரம். மிஞ்சிப் போனா பதிமூணு" என்றாள்.

குபிஷ் அட்டவணையைப் பார்த்து, நாலு வண்டி மாறினால் பதினோரு மணி ஐம்பது நிமிடத்தில் சேரலாம், எல்லா வண்டியும் நேரத்துக்கு வந்தால், என்றார். அதைக் கேட்டு நடைமேடையே வாய்விட்டுச் சிரித்தது. மார்கிட் சிரிக்கவில்லை. அவள் கவுண்டருக்குப் போய், டிக்கெட்டைப் பலகையில் வைத்து நீவிவிட்டாள்.

"குத்துங்க சார். இந்த ஸ்டேஷன்ல உக்காந்து உங்க மூஞ்சிய பாத்துக்கிட்டு சாகாம இருக்கறதுக்கு, வழியில போய்ச் சேர்றேன்."

முத்திரை விழுந்ததும் அவள் இதயம் துடிக்க ஆரம்பித்தது. விரிப்பை மாடியில் தொங்கவிட்டுத் தட்டுகிற மாதிரிச் சத்தம். நடைமேடையின் அந்தக் கோடி வரை கேட்டது. ஆறு நாற்பது வண்டியில் அவள் யார் உதவியும் இல்லாமல் ஏறினாள். ஏறியதோடு சரி, உட்கார இடமில்லை. அவளுக்குப் பதிவான இருக்கை ஓடாத வண்டியில் இருந்தது. சூட்கேஸின் மேல் உட்கார்ந்து போனாள். பிராகில் அடுத்த வண்டி அவள் கண் முன்னால் கதவை மூடியது. அதற்கடுத்தது இருபது நிமிடம் தாமதம். பிர்னோவுக்கு வெளியே வண்டி காரணமில்லாமல் வயல் நடுவில் நின்றபோது, துடிப்பில் ஒன்று தவறியது. பிறகு ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒன்று தவறியது. சத்தம் குறைந்துகொண்டே வந்ததால் பக்கத்தில் இருந்தவர்கள் நிம்மதியாகப் புத்தகம் படித்தார்கள். வியன்னாவில் படி இறங்கி ஏறி மாறியதில் மூன்று தவறின. ஆல்ப்ஸ் மலையில் வண்டி மூச்சு வாங்கியபோது அவளும் வாங்கினாள். இரண்டில் எது முதலில் நிற்கும் என்று தெரியவில்லை. கிராத்ஸில் அவள் இறங்கியபோது மணி ஏழு இருபது. பதிமூன்று மணி நேரத்துக்கு இருபது நிமிடம் மீதி, மேற்கே வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது.

ரோஸ்விதா நான்கு மணியிலிருந்து இரண்டு ஊன்றுகோலில் நடைமேடையில் நின்றிருந்தாள். ஒரு கோலில் வலைப்பை தொங்கியது, அதற்குள் ஒரு தர்ப்பூசணி.

"வாங்கிட்டு வர கொஞ்சம் நேரமாயிடுச்சுக்கா" என்றாள்.

"ஸ்பூன் எடுத்துட்டு வரல" என்றாள் மார்கிட்.

இருவரும் கட்டிக்கொள்ளவில்லை, ஒருத்திக்கு இரண்டு கையிலும் கோல், மற்றவளுக்கு நிற்கவே தெம்பில்லை. ரோஸ்விதா அக்காவின் உதட்டைப் பார்த்தாள், நின்று நின்று வரும் சத்தத்தைக் கேட்டாள். கோடையில் நடந்ததை மார்கிட் இரண்டே வரியில் சொல்லி முடித்ததும், டிக்கெட்டைக் காட்டு என்று வாங்கி முன்னும் பின்னும் புரட்டினாள்.

"வர்றதுக்கு மட்டும் எடுத்திருக்க. திரும்பிப் போறதுக்கு?"

"நீ மட்டும் திரும்பி வந்தியாடி?" என்ற மார்கிட், கைப்பையிலிருந்து பழுப்பேறிய துண்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். எண்பத்தொன்பதாம் வருடத்துத் திரும்பும் டிக்கெட். "இந்தா, உன்னோடது. ஓட்டை போடாம அப்படியே இருக்கு."

ரோஸ்விதா அதைப் பார்த்து அழுதாள். அழுதுகொண்டே, ஊன்றுகோலால் கூட்டத்தை விலக்கி, அக்காவை இழுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனாள். முதலில் பழைய டிக்கெட்டை வைத்து, இது செல்லுமா என்று கேட்டாள். உள்ளே இருந்த பெண் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இந்த டிக்கெட்ட குடுத்த நாடே இப்ப இல்லீங்களேம்மா."

"அப்போ புதுசா ஒண்ணு போடு. நீடர்மூலுக்கு. மார்கிட் நோவாக். உன்கிட்ட இருக்கறதுலயே கடைசித் தேதி எது?"

"மார்ச் பதினேழு. முப்பத்தொம்பது தொண்ணூறு. பத்து யூரோ கூடப் போட்டா தேதி மாத்திக்கலாம்."

"மாத்தவே முடியாததா குடும்மா. ரத்து பண்ண முடியாததா குடு."

இயந்திரம் டிக்கெட்டைத் துப்பியதும் மார்கிட்டின் இதயம் நின்றது. அவள் பலகையைப் பிடித்து நிமிர்ந்து, பசிக்கிறது என்றாள்.

இது நடந்து பதினோரு வருடமாகிறது. மார்ச்சில் அவள் ஊர் திரும்பினாள். வந்த அன்றே குபிஷிடம் செப்டம்பருக்கு கிராத்ஸ் டிக்கெட் எடுத்தாள். அன்றிலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை, போன இடத்தில் அடுத்ததை எடுத்துவிடுகிறாள். இடையில் ரோஸ்விதாவுக்கும் ஈரலில் ஏதோ வந்ததால், அவளும் எங்கள் ஊருக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கிறாள். வெட்ஸிக் பெட்டியை விறகுக்காரரிடம் கொடுத்துவிட்டார். குபிஷ் ஓய்வு பெறும் நாளில் முத்திரையை யாரிடமும் ஒப்படைக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். அவர் விதியை மீறியது அந்த ஒரு தடவைதான். போன வாரம் மார்கிட் கவுண்டரில் நின்று தெருக்கோடி வரை கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தாள். நாற்பத்து மூன்று தொண்ணூறாக ஏற்றிவிட்டார்களாம். இந்த விலைக்கு உயிரோடிருப்பது கட்டுப்படியாகாது என்றாள். பின்னால் நின்ற எங்களுக்கும் அதே எண்ணம்தான். கத்தி முடித்துவிட்டு ஜன்னலோர சீட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போனாள்.